ஏழாம் மலை மொட்டையாக இருந்தது

பங்குச் சந்தையில் பதினெட்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வைத்திருந்த பெண்மணி, ஜூட்சனின் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இது கோயில் இல்ல. செருப்போடயே ஏறுங்க."

"சேறு தம்பி. ஒங்க வண்டி அழுக்காயிரும்."

"இந்த வண்டி இனிமே அழுக்காகணும்னா புதுசா எடம் தேடணும்" என்றான் ஜூட்சன்.

இந்திராதேவி சிரிக்கவில்லை. ஆர்டன்வேல் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் கொழுந்து பறிப்பவள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சீலை மடிப்புக்குள் பொலித்தீன் பையில் சுற்றி ஒரு கடிதத்தை வைத்திருந்தாள். மழைக்குப் பயந்து சுற்றியிருந்தாளா, கடிதத்துக்கே பயந்து சுற்றியிருந்தாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

கடிதம் கொழும்பிலிருந்து வந்திருந்தது. பட்ஜெட்டுக்கு முந்தைய வாரங்களில், விலை அடிமட்டத்தில் கிடந்தபோது, அவள் பெயரில் ஆர்டன்வேல் கம்பனியின் பங்குகள் வாங்கப்பட்டிருக்கின்றன. பட்ஜெட் வாசித்த மறுநாள் அந்தப் பங்கு இரட்டிப்பு விலைக்கு ஏறியிருக்கிறது. வெளியில் வராத செய்தியை முன்கூட்டியே அறிந்து வாங்கினீரா? வெள்ளிக்கிழமை நேரில் வந்து விளக்கம் தரவும். தராவிட்டால் வழக்கு.

வழக்கு வருவதற்கு முன்பே தண்டனை வந்துவிட்டது. மாதாமாதம் வந்துகொண்டிருந்த அரசாங்க நிவாரணக் காசு நின்றுபோனது. இவ்வளவு சொத்து வைத்திருப்பவள் ஏழையாக இருக்க முடியாது என்று கணினி சொல்லிவிட்டதாம். லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பராவில், ஒழுகும் தகரத்துக்குக் கீழே, அடுப்பும் படுக்கையும் ஒன்றாக வாழ்கிறவளைப் பார்த்து.

"வேற ஆளுங்களுக்கும் நின்னுருச்சுங்க மிஸ்" என்றாள் இந்திராதேவி, பக்கத்தில் இருந்தவளிடம். "எங்க லயத்துல மட்டுமே ஏழெட்டுப் பேரு. கடுதாசி இன்னும் எனக்கு மட்டுந்தான் வந்திருக்கு."

"மூணு நாளாச் சொல்றேன், மிஸ் வேணாங்கக்கா. நிலக்ஷின்னு கூப்பிடுங்க."

"சரிங்க மிஸ்."

நிலக்ஷி பெருமூச்சு விட்டாள். அவளும் லயத்துப் பிள்ளைதான். பூண்டுலோயா பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனையில் பொருளியல் படித்து, தன் லயத்திலேயே முதல் பட்டதாரி என்று மாலை போடப்பட்டு, அந்த மாலை வாடிய பிறகு நான்கு வருடம் வேலை தேடி அலைந்தவள். இப்போது ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பலசரக்குக் கடை மாடியில், 'நிலக்ஷி தகவல் சேவை' என்று பலகை மாட்டியிருக்கிறாள். துப்பறிவதுதான் தொழில். ஆனால் 'துப்பறியும்' என்ற சொல்லைப் பலகையில் எழுதக் கடை முதலாளி விடவில்லை. குடும்பப் பெண்கள் சாமான் வாங்க வரமாட்டார்களாம். அந்தக் குடும்பப் பெண்கள்தான் பின்படிக்கட்டால் ஏறி வந்து, மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"கடுதாசில ஒங்க தொலைபேசி இலக்கம்னு ஒன்னு போட்டிருக்கு. இது யாரோடது?"

"தெரியாதுங்க. எங்கிட்ட இருக்கிறது எம்மகளோட பழைய போனு. அது வேற நம்பரு."

நிலக்ஷி அந்த எண்ணை அழைத்தாள். மணி அடித்தது. எடுப்பாரில்லை.

"போனு என்னா பெரிய போனு" என்றான் ஜூட்சன், வளைவில் ஹோர்னை அமுக்கியபடி. "நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டுல எட்டிப் பாத்து எட்டிப் பாத்தே மூணு போன உள்ள போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நம்ம ஷாமிலா கடைக்குப் போயி ஐடென்டி கார்டக் காட்டுனேன், அஞ்சு நிமிசத்துல அதே நம்பரு புது சிம்முல வந்துருச்சு. மீனுங்கதான் பாவம், பேசிக்கிட்டு இருக்கயிலயே லைன் கட்டாயிருச்சாம்."

முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், ஒரு ஆட்டோ, ஓயாத வாய். நிலக்ஷியின் உதவியாளன் என்று அவனாகவே தன்னை நியமித்துக்கொண்டவன். சம்பளம் கேட்டதில்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

ரோட்டோரத்தில் ஒரு பதாகை மழையில் நனைந்து ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. 'திறைசேரி வேண்டாம், திருவோடு வேண்டாம்! கம்பனியே கொடு!' ஐப்பசி மாதப் போராட்டத்தில் கட்டியது. அந்த வாசகத்தை எழுதிக்கொடுத்ததே நிலக்ஷிதான். சம்பள உயர்வை அரசாங்கக் கஜானா அல்ல, கம்பனியே கொடுக்கவேண்டும் என்று ஹட்டன் நகரமே கத்தியது. அவளும் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

"மேடம், எனக்கு ஒரு வெவரம் சொல்லுங்க" என்றான் ஜூட்சன். "பட்ஜெட்டு வாசிக்கிறது பாராளுமன்றத்துல. பங்கு வில ஏறுறது வேற எடத்துல. இதுக்கும் அதுக்கும் என்னா சொந்தம்?"

"ஒங்க வண்டிக்கு நாலஞ்சு மாசத்துல டயரு, எஞ்சினு எல்லாம் மாத்தணும், செலவு ஒங்க தலையிலன்னு ஊருக்கே தெரியுது. இப்ப வித்தா என்னா வில போகும்?"

"இரும்பு வில."

"அந்தச் செலவ அரசாங்கம் ஏத்துக்குதுன்னு திடீர்னு அறிவிச்சா?"

"அட! மறுநாளே மாமனாரு கூட மதிப்பாரு."

"அவ்வளவுதான். சம்பளத்தக் கம்பனி கூட்டிக் குடுக்கணும்னு எல்லாரும் பயந்தாங்க, பங்கு விழுந்துச்சு. பட்ஜெட்டுல என்னா சொன்னாங்க? வேலைக்கு வர்ற ஒவ்வொரு நாளுக்கும் வருகைக் கொடுப்பனவு, அத அரசாங்கமே குடுக்கும். கம்பனி கையக் கட்டிக்கிட்டு நிக்கலாம். பங்கு பறந்துச்சு."

"அரசாங்கத்துக்கு ஏது காசு?"

"பருப்புல வரி, சீனில வரி, போன் கார்டுல வரி."

ஜூட்சன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "அப்ப அக்கா வாங்குற பருப்புலருந்து எடுத்து, அக்காவுக்கே குடுத்து, நடுவுல கம்பனிக்காரன் பணக்காரனாகுறான்."

"பேராதனையில நாலு வருசம் படிச்சத நீங்க ரெண்டு வளைவுல சொல்லிட்டீங்க."

"அந்தக் காசு இன்னும் கைக்கு வரலீங்க" என்றாள் இந்திராதேவி மெதுவாக. "அடுத்த வருசத்துலருந்துதானாம்."

பங்கு விலைக்கு மட்டும் அடுத்த வருடம் வரை காத்திருக்கத் தெரியவில்லை.

* * *

நிலக்ஷியின் சந்தேகம் தோட்டத்து ஆபீஸ் மேல் இருந்தது. அதன் முன்சுவரில் ஒரு கைரேகை இயந்திரம் மாட்டியிருந்தது. ஐப்பசியில் கொண்டுவந்து மாட்டினார்கள். அதற்குப் பதிவு செய்வதற்காகத்தான் ஆபீஸ் வேலிக்கு முன்னால் பெண்களை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். அதே வேலி, அதே மாதிரிப் படம், பங்குக் கணக்கு தொடங்கிய விண்ணப்பத்திலும் இருந்தது. கடிதத்தோடு பிரதி இணைத்திருந்தார்கள். இந்திராதேவி அடையாள அட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் ஏழாம் நம்பர் மலை.

தோட்டத்து மேலாளரான பெரியதுரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் ஏவுகிற தமிழ் மட்டும்தான்.

"என்னா? நீ ஏன் மலைக்குப் போகல?" என்றார் இந்திராதேவியைப் பார்த்து.

நிலக்ஷி மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா."

இந்திராதேவி பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் இந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. எதுவானாலும் ஜன்னலுக்கு வெளியே நின்று, ஜன்னலோடுதான் பேசியிருக்கிறாள்.

"லேபர் உக்காரறது இல்ல" என்றார் துரை.

"லேபரா வரல. ஒங்க கம்பனிப் பங்குதாரரா வந்திருக்காங்க." நிலக்ஷி கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"மொறைப்படி பாத்தா சார், நீங்கதான் எந்திரிக்கணும்" என்றான் ஜூட்சன்.

துரை கடிதத்தை வாசித்தார். எழுந்திருக்கவில்லை. ஆனால் முகம் வெளுத்தது. இந்திராதேவி நாற்காலியின் நுனியில், உட்கார்ந்தும் உட்காராமலும் ஒட்டிக்கொண்டாள்.

"நூத்தம்பது வருசமா பெரட்டுக்களத்துல பேரு கூப்பிட்டே ஆளு எண்ணுன தோட்டம் இது" என்றாள் நிலக்ஷி. "வருகைக்குக் காசுன்னு அரசாங்கம் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே, வருகை எண்ணுற மெஷின் எப்படி வந்துச்சு? யாருக்கு முன்னாடியே தெரியும்?"

"மெஷின் போன வருசம் ஓடர் பண்ணினது. எல்லாத் தோட்டத்துக்கும். லேட்டா வந்தது."

"நல்ல நேரமாப் பாத்து லேட்டாயிருக்கு."

துரை சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது. "மிஸ், எனக்கும் கம்பனிப் பங்கு இருந்தது. பதினஞ்சு வருசம் சேத்தது. ரோட்டுல நீங்க எல்லாம் சத்தம் போட்டது. கம்பனி மூழ்கும்னு பயந்து எல்லாம் வித்தேன். பட்ஜெட்டுக்கு முந்தின கிழமை." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கிளப்புல போய்க் கேளுங்க. இப்பவும் சிரிக்கிறாங்க. தெரிஞ்ச மனுசன் வாங்குவான். நான் வித்தேன்."

ஜூட்சன் நிலக்ஷியைப் பார்த்தான். நிலக்ஷி கடிதத்தை மடித்தாள். மூன்று நாளாகக் கட்டிய கோட்டை ஒரே வாக்கியத்தில் சரிந்தது. துரைமார்களைப் பற்றி அவள் எதை வேண்டுமானாலும் நம்பத் தயார். ஆனால் தன்னை முட்டாள் என்று ஒரு துரை பொய்க்காகச் சொல்லிக்கொள்வார் என்று மட்டும் நம்பமாட்டாள்.

* * *

வெளியே மழை விட்டிருந்தது. ஜூட்சன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "துரை போச்சு. அடுத்து யாரு? நாயி ஒன்னு படுத்திருக்கு, அதையும் விசாரிச்சிருவமா?" என்றான்.

நிலக்ஷி வேலிக்கு முன்னால், படம் எடுத்த அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே பனிமூட்டம் மெல்ல மேலேறியது. முதலில் அடிவாரம் தெரிந்தது, பிறகு இடுப்பு, பிறகு உச்சி. ஏழாம் மலை முழுக்கப் பச்சைப் பசேலென்று, தட்டி வைத்ததுபோல் மட்டமாகக் கிடந்தது.

கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

மூன்று நாளாக அவள் அந்தப் படத்தில் முகத்தையும் அட்டையையும் வேலியையும்தான் பார்த்திருக்கிறாள். மலையை யார் பார்ப்பார்கள்? பிறந்ததிலிருந்து மலையைத்தானே பார்க்கிறோம்.

"அக்கா, ஏழாம் மலைச் செடிய எப்ப கவ்வாத்து வெட்டுனாங்க?"

"இந்த வருசந்தாங்க. ஆனி கடைசில வெட்டுனாங்க. ஆடி பூரா குச்சியாத்தான் நின்னுச்சு."

"ஐப்பசியில?"

"ஐப்பசியில நல்லாத் தழைச்சு வந்துருச்சே. நாங்கதான் நுனிய ஒரே அளவா மட்டம் ஒடிச்சோம்."

நிலக்ஷி படத்தை நீட்டினாள். படத்தில் இந்திராதேவியின் தோளுக்குப் பின்னால் மலை இலையில்லாமல், வெறும் குச்சியும் கட்டையுமாக நின்றது.

ஜூட்சன் எட்டிப் பார்த்தான். "யாத்தே! மலை கதிர்காமத்துக்குப் போயி மொட்ட போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு!"

"இது மெஷினுக்கு எடுத்த படம் இல்ல" என்றாள் நிலக்ஷி. "மெஷின் வந்தப்ப மலையில எல இருந்துச்சு. இது ஆடியில எடுத்தது. அக்கா, ஆடி மாசம் இதே எடத்துல நிக்க வச்சு ஒங்கள யாரு படம் எடுத்தா?"

இந்திராதேவியின் முகத்தில் நினைவு வந்தது. நினைவுக்குப் பின்னால், அந்த நினைவு வந்திருக்கக்கூடாதே என்ற வேதனையும் வந்தது.

"சங்கத்துல எடுத்தாங்க. புது அங்கத்துவ அட்ட குடுக்கப்போறம்னு. தரணி தம்பிதான் வந்து எல்லாரையும் வரிசையா நிப்பாட்டுச்சு. ஐடென்டியக் கன்னத்துக்கிட்ட புடிக்கச் சொன்னுச்சு. ஏன் தம்பின்னு கேட்டேன். புதுச் சட்டம்னுச்சு."

"அட்ட வந்துச்சா?"

"இன்னும் வரலீங்க."

தரணிதரன். மலைநாட்டு உழைப்பாளர் சபை என்ற தொழிற்சங்கத்தின் ஹட்டன் செயலாளர். சம்பளப் பேச்சுவார்த்தைக்குத் தொழிலாளர் சார்பில் கொழும்பில் மேசையில் உட்கார்ந்தவர். திரும்பி வந்து, கம்பனி இரும்பு மனசு, விடாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அழுதவர். நிலக்ஷியின் வாசகத்தைக் கட்டிப்பிடித்துப் பாராட்டி, நூறு பதாகை அடித்துத் தந்தவரும் அவர்தான்.

அவள் மனம் கணக்கைப் போட்டு முடித்தது.

பட்ஜெட்டில் அரசாங்கம் பொறுப்பேற்கப்போகிறது என்று பேச்சுவார்த்தை மேசையில் இருந்தவனுக்குத் தெரியும். வெளியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. வெளியில் இருந்தவர்கள் எவ்வளவுக்குச் சத்தம் போடுகிறார்களோ, கம்பனி தலையில் அவ்வளவு செலவு விழும் என்று கொழும்பில் பயந்தார்கள். பயந்தவர்கள் விற்றார்கள். விலை விழுந்தது. விழுந்த விலைக்கு ஒருவன் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். ஹட்டன் ரோட்டில் ஐப்பசி மழையில் நனைந்து அவர்கள் போட்டது கோஷம் இல்லை. தள்ளுபடி.

"ஜூட்சன் அண்ணே."

"சொல்லுங்க மேடம்."

"அந்த மீன் கதைய இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா."

ஜூட்சன் வாயைத் திறந்தான். பிறகு கடிதத்திலிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்தான். பிறகு, அவன் வாழ்க்கையில் மிக அபூர்வமாக, ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டான்.

* * *

மறுநாள் வியாழக்கிழமை. சங்க ஆபீஸ் ஹட்டன் கடைவீதியில், வன்பொருள் கடைக்கு மேல் இருந்தது. மூன்று பேரும் காலையிலேயே ஷாமிலா கடையில் ஒரு வேலையை முடித்துக்கொண்டுதான் படியேறினார்கள்.

"வா தங்கச்சி, வா! அக்கா, வாங்க, உக்காருங்க!" தரணிதரன் எழுந்து நின்றே வரவேற்றான். வெள்ளைச் சட்டை, நாற்பது வயது, நல்ல முகம். அவனும் லயத்தில் பிறந்தவன்தான். துரையைப்போல் நாற்காலிக்குச் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. அவனே இழுத்துப் போட்டான். பிஸ்கட்டும் வந்தது.

நிலக்ஷி படத்தை அவன் முன்னால் வைத்தாள். "மலை மொட்டையா இருக்குண்ணே."

அவன் பார்த்தான். மலையில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"எவ்வளவு தெரியும்?"

"யாரு படம் எடுத்தான்னு தெரியும். யாரு பேருல வாங்குனான்னு தெரியும். எந்தக் காசுன்னு தெரியாது."

"சந்தாக் காசு." அவன் தயங்கவே இல்லை. "ஏன் மொறைக்கிற? நீ பொருளியல் படிச்ச புள்ள, ஒனக்கு வெளங்கணும். ரூவா விழுந்தப்ப பேங்குல கெடந்த சங்கக் காசு பாதி மதிப்பாச்சு. அரசாங்கம் கடன மறுசீரமைச்சப்ப யாரு வட்டியில கை வச்சாங்க? இந்த அக்காவோட ஈபிஎஃப் வட்டியில. பெரிய ஆளுங்க எல்லாம் திறைசேரிய மோப்பம் புடிச்சே பணம் பண்றான். நம்ம மட்டும் காலம்பூரா கோஷம் போட்டுக்கிட்டே சாகணுமா? சங்கத்துக்காக ஒரு தடவ நானும் மோப்பம் புடிச்சேன்."

"சங்கத்துக்காகன்னா சங்கத்துப் பேருல வாங்கியிருக்கலாமே?"

அவன் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தான்.

"தம்பி" என்றாள் இந்திராதேவி. அதுவரை தலை குனிந்திருந்தவள். "அரசாங்கந்தான் குடுக்கப்போகுதுன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆடியில பேசி முடிஞ்சிருச்சுக்கா. ரகசியமா வச்சுக்கச் சொன்னாங்க."

"ஆடியிலயே முடிஞ்சதுக்கு, ஐப்பசியில ஏந்தம்பி எங்கள ரோட்டுல நிப்பாட்டுனீங்க?"

கடைவீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"நடந்தது நடந்துபோச்சு" என்றான் கடைசியில், நிலக்ஷியைப் பார்த்து. அக்காவைப் பார்க்க முடியவில்லை. "நீ இத வெளிய சொன்னா எல்லாக் கணக்கையும் முடக்கிருவாங்க. வெசாரணை வருசக் கணக்குல இழுக்கும். அது முடியிற வரைக்கும் அத்தன பொம்பளைங்களுக்கும் நிவாரணம் வராது. சொல்லலன்னா, நான் வித்து மூடிருறேன். கணக்குல ஒன்னும் இல்லன்னா நிவாரணம் திரும்பி வரும். நாளைக்குக் கொழும்புல, சங்கத்த நம்பி நாந்தான் கையெழுத்துப் போட்டேன்னு அக்கா ஒரு வார்த்த சொல்லட்டும். எச்சரிச்சு விட்டுருவாங்க. ஒனக்கு அந்தப் பொம்பளைங்க வயிறு முக்கியமா, ஒன் கோவம் முக்கியமா?"

நல்ல கேள்விதான். கெட்டவர்கள் நல்ல கேள்வி கேட்கும்போதுதான் நிலக்ஷிக்கு ஆத்திரம் பொங்கும். அதை விழுங்கிக்கொண்டாள்.

"சரி. வித்து மூடுங்க. ஆனா இப்பவே, எங்கண்ணு முன்னாடி."

தரணிதரனின் தோள்கள் இறங்கின. படித்த பிள்ளை, வழிக்கு வந்துவிட்டாள். மேசை இழுப்பறையைத் திறந்தான். உள்ளே தீப்பெட்டிகள் மாதிரி பட்டன் போன்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுத்தாளில் ஒரு பெயர். இந்திராதேவியின் பெயர் ஒட்டியதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, மடிக்கணினியைத் திறந்து கணக்குக்குள் நுழைந்தான்.

"ரகசிய எண் ஒன்னு இந்தப் போனுக்கு வரும். அதப் போட்டா கணக்கு தெறக்கும். ஒரு நிமிசம்."

காத்திருந்தார்கள். பட்டன் போன் ஊமையாகக் கிடந்தது. அவன் அதை எடுத்து உதறினான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தான்.

"சிக்னல் இல்ல" என்று முணுமுணுத்தான். "இன்னொரு தடவ அனுப்பச் சொல்றேன்."

'டிங்', 'டிங்' என்று அடுத்தடுத்து இரண்டு சத்தம்.

சத்தம் ஜன்னலில் இருந்து வரவில்லை. இந்திராதேவியின் சீலை மடிப்புக்குள் இருந்து வந்தது. அவள் மகளின் பழைய போனை வெளியே எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"ஆறு நம்பரு ரெண்டு தடவ வந்திருக்குங்க மிஸ்" என்றாள். "யாருக்கும் சொல்லவேணாம்னும் போட்டிருக்கு."

தரணிதரன் கையிலிருந்த பட்டன் போனைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தான்.

"சிம் வாங்கயில அக்காவோட ஐடென்டியத்தான குடுத்தீங்க?" என்றான் ஜூட்சன் மிகுந்த மரியாதையோடு. "அப்ப சட்டப்படி அது அக்காவோட சிம்மு. காலையில ஷாமிலா கடைக்குப் போனோம். தொலைஞ்சிருச்சு, அதே நம்பரு வேணும்னு கேட்டோம், குடுத்துட்டாங்க, அக்கா போனுல ரெண்டாவது சிம்மாப் போட்டாச்சு. இனி ஒங்க கையில இருக்கிறது வெறும் டப்பா அண்ணே. மீனுக்குக் கூட உதவாது."

நிலக்ஷி எழுந்தாள். "இப்ப ஒங்க கணினியிலருந்து நீங்களே ரெண்டு தடவ கதவத் தட்டியிருக்கீங்க. தட்டுன நேரத்தோட அது அக்கா போனுல பதிவாயிருச்சு. நாளைக்குக் கொழும்புல அதத்தான் காட்டப்போறாங்க. மலையோட மொட்டையையும் காட்டுவாங்க."

"தங்கச்சி..."

"எங்க சந்தாக் காசு. எங்க பேரு. வில விழுந்தது எங்க கோவத்துல. இதுல ஒங்களோடதுன்னு என்னாண்ணே இருக்கு? அந்தப் போனு மட்டுந்தான். அதையும் வச்சுக்கங்க."

இழுப்பறைக்குள் இன்னொரு போன் திரை ஒரு முறை மின்னி, சிக்னல் கோடுகளை இழந்தது. சற்றுக் கழித்து அதன் பக்கத்தில் இருந்ததும். தரணிதரன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். வீதியில் சற்றுத் தள்ளி, ஷாமிலா கடையில் வேலை நடந்துகொண்டிருந்தது.

அவன் நாற்காலியில் விழுந்தான். ஆனால் அவர்கள் கதவைத் திறக்கும்போது சொன்னான், கத்தாமல், களைப்போடு: "என்னைய உள்ள தள்ளு. சங்கம் ஒடையும். அடுத்த வருசம் சம்பளம் பேச மேசையில யாரு உக்காருவா? நீயா?"

நிலக்ஷி கதவைச் சாத்தினாள்.

* * *

ஷாமிலா கடை வாசலில் மேல்பிரிவுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கையில் அடையாள அட்டை, தலையில் துண்டு. ஷாமிலா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரட்டுக்களம் மாதிரியே இருந்தது. கணக்கப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு போன் கடைப் பிள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நிவாரணம் எப்ப மிஸ் திரும்பி வரும்?" என்று வரிசையில் இருந்து ஒருத்தி கேட்டாள்.

"எழுதிப் போடுவோங்கக்கா. வரும். கொஞ்ச நாளு ஆகும்."

ஒருத்தியைப் பணக்காரியாக்கக் கணினிக்கு ஒரு நொடி போதும். திரும்ப அவளை ஏழையாக்கத்தான் ஏழு அரசாங்கக் கந்தோர் ஏறவேண்டும். அது அவர்களுக்குத் தெரியாததா.

இந்திராதேவி ஆட்டோவுக்கு அருகில் வந்தாள். செருப்பைப் பார்த்தாள், கணுக்கால்வரை சேறு. கழற்றவில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்தாள். ஜூட்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிலக்ஷி பார்த்த பார்வையில் சாவியைத் திருகினான்.

மடியில் போன் அடித்தது. இந்திராதேவி காதில் வைத்து, "சரிங்கய்யா... சரிங்கய்யா..." என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

"யாரு?"

"கணக்கப்பிள்ளைங்க. இன்னைக்கு வரிசையில நின்ன யாருக்கும் பேரு இல்லையாம், நாள் சம்பளம் கெடைக்காது." அவள் வெளியே பார்த்தாள். "நாளைக்கு நான் கொழும்புக்குப் போறேன்ல. அதுவும் போச்சு. வருகைக் காசு நடைமுறைக்கு வந்தாலும் இப்படித்தானங்க மிஸ்? வந்த நாளுக்குத்தான் குடுப்பாங்க?"

"ஆமாக்கா."

"அப்ப நாங்க நியாயம் கேக்கப் போற நாளுலயெல்லாம் அரசாங்கத்துக்குக் காசு மிச்சம்."

ஜூட்சன் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். பதாகை இன்னும் அதே இடத்தில் தொங்கியது. நிலக்ஷி நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய், நனைந்த துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரு முனை வந்தது. மறுமுனையைச் சங்கத்துக்காரர்கள் கம்பத்தில் ஆணியடித்து நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.